பெரிக்ளீஸ் பேசியதை யார் எழுதிக்கொண்டார்கள்?

முதலில் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுகலை வரலாற்றுக்காகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸைப் படிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போரின் முதல் ஆண்டில் மாண்டவர்களுக்காக ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் ஆற்றிய இரங்கலுரை பக்கம் பக்கமாக வருகிறது. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் இதை யார் எழுதிக்கொண்டார்கள், எழுதியவரே புனைந்ததென்றால் அவரை எப்படி வரலாற்றாசிரியர் என்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. உண்மையில் உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். பேச்சு புனைவென்றால், அதே புத்தகத்தில் வரும் போர், படைக்கணக்கு, உடன்படிக்கை இவற்றை மட்டும் எந்தத் தைரியத்தில் நம்புவது?

கல்லூரியில் பல ஆண்டுகள் பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாறு நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். லத்தீன் நூல்களை மூலத்தில் படித்துவிடுவேன். கிரேக்கத்துக்கு அகராதியும், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆகவே துசிடிடீஸின் நடையைப் பற்றி நான் சொல்வதில் பாதி, கிரேக்கத்தில் ஊறியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு சொல்வது. கீழே வரும் உதாரணங்கள் ரோமானியர் பக்கம் சாய்ந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

நேரடிப் பதில்: இல்லை, பெரிக்ளீஸ் அந்தச் சொற்களில் பேசவில்லை. இதில் சந்தேகமே வேண்டாம், துசிடிடீஸே சொல்லிவிட்டார். முதல் புத்தகம், 22-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தான் காதால் கேட்ட பேச்சுகளும் சரி, மற்றவர்கள் வந்து சொன்னவையும் சரி, சொன்னது சொன்னபடி நினைவில் வைத்திருப்பது கடினமாக இருந்தது என்கிறார். அதனால் அந்தந்தச் சந்தர்ப்பத்துக்கு ஒவ்வொருவரும் என்ன பேசியிருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அப்படிப் பேசவைத்திருப்பதாகவும், உண்மையில் பேசப்பட்டதன் மொத்தக் கருத்தை முடிந்தவரை ஒட்டியே போயிருப்பதாகவும் சொல்கிறார். ஒரே மூச்சில் இரண்டு வாக்குறுதி. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பேசியிருக்க வேண்டியதை எழுதினால் அது ஆசிரியரின் வேலை. பேசப்பட்டதன் கருத்தை எழுதினால் அது சாட்சியின் வேலை. எந்தப் பேச்சில் எது ஓங்கியிருக்கிறது என்று அவர் எங்கும் பிரித்துக் காட்டுவதில்லை. இதை வைத்து அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டுகிறார்கள், தீர்ந்தபாடில்லை.

ஆனால் அதே அத்தியாயத்தில் அடுத்து வருவதைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நடந்த செயல்களைப் பொறுத்தவரை, கண்ணில் பட்டவர் சொன்னதையோ தனக்குத் தோன்றியதையோ எழுதத் தகும் என்று நினைக்கவில்லை என்கிறார். தான் நேரில் பார்த்ததையும் பிறரிடம் கேட்டதையும் ஒவ்வொன்றாகத் துருவி ஆராய்ந்ததாகவும், ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தவர்களே ஆளுக்கொன்று சொன்னதால் அது பெரிய பாடாக இருந்ததாகவும் சொல்கிறார். கவனியுங்கள்: பேச்சில் 'எனக்குத் தோன்றியபடி' என்று சொன்னவர், செயலில் 'எனக்குத் தோன்றியபடி அல்ல' என்கிறார். பேச்சுக்கு ஒரு கணக்கு, செயலுக்கு வேறு கணக்கு. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரங்கலுரையை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அது கி.மு. 431-430 குளிர்காலத்தில் நிகழ்ந்தது. மறு ஆண்டு ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய் தன்னையும் பிடித்தது என்று துசிடிடீஸ் எழுதுகிறார். ஆகவே அந்தக் காலத்தில் அவர் ஊரில்தான் இருந்திருக்க வேண்டும். உரையைக் கூட்டத்தில் நின்று கேட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் கையில் எழுத்துப்பிரதி இருந்திருக்காது. பெரிக்ளீஸ் தீர்மானங்களைத் தவிர எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை என்கிறார் புளூட்டார்க். அப்புறம் அரிஸ்டாட்டில் ஒரு சிக்கலைக் கிளப்புகிறார். போரில் இளைஞர்களை நகரம் இழந்தது, ஆண்டிலிருந்து வசந்தத்தைப் பிடுங்கி எடுத்ததுபோல என்று பெரிக்ளீஸ் இரங்கலுரையில் சொன்னதாக அவர் மேற்கோள் காட்டுகிறார். துசிடிடீஸ் தரும் உரையை எத்தனை முறை புரட்டினாலும் அந்த வரி கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் சாமோஸ் போரில் இறந்தவர்களுக்காகவும் பெரிக்ளீஸ் இப்படி ஓர் உரை ஆற்றியிருக்கிறார். அதில் வந்த வரியாக இருக்கலாம் என்பது பலரின் ஊகம். இருக்கலாம். இல்லாவிட்டால், ஊரே நினைவில் வைத்திருந்த ஒரு வரியைத் துசிடிடீஸ் வேண்டாமென்று விட்டிருக்கிறார்.

இனி, படிக்கத் தொடங்குபவர்கள் நினைப்பதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பேச்சு முழுசாக, நேரடிப் பேச்சாக வந்தால் அது கிட்டத்தட்ட அப்படியே பதிவானது என்று இன்றைய வாசகர் நினைப்பார். பண்டைய வழக்கம் தலைகீழ். உண்மையான உரை எழுத்தில் கைக்குக் கிடைக்கிறது என்றால், வரலாற்றாசிரியர் அதைத் தன் நூலில் சேர்க்க மாட்டார். கிடைக்காத உரையைத்தான் அவர் எழுதித் தருவார்.

இதற்கு ரோமானியர்களிடம் வெளிப்படையான சாட்சிகள் இருக்கின்றன. கி.பி. 65-இல் பேரரசர் நீரோவுக்கு எதிரான சதியில் பங்கிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டு, அவர் உத்தரவின்பேரில் தத்துவஞானி செனெகா நரம்பை அறுத்துக்கொண்டு சாகிறார். கடைசி நேரத்திலும் எழுத்தர்களை அழைத்து நிறையச் சொல்லி எழுதவைத்தார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். உடனே, அவை செனெகாவின் சொற்களிலேயே வெளியாகியிருப்பதால் நான் அவற்றை என் நடைக்கு மாற்றி எழுதாமல் விடுகிறேன் என்று நகர்ந்துவிடுகிறார். சில பக்கங்கள் தள்ளி, அதே சதியில் பிடிபட்ட சுப்ரியஸ் ஃபிளாவஸ் என்ற படை அதிகாரி நீரோவின் முகத்துக்கு நேரே பேசுகிறான். நீ அன்புக்குத் தகுதியாக இருந்தவரை என்னைவிட விசுவாசமான வீரன் உனக்கு இல்லை. தாயையும் மனைவியையும் கொன்று, தேரோட்டியாகவும் நடிகனாகவும் தீ வைப்பவனாகவும் ஆன பிறகு வெறுக்கத் தொடங்கினேன் என்கிறான். இங்கே டாசிட்டஸ் ஒரு குறிப்புச் சேர்க்கிறார்: இவை அவன் சொன்ன சொற்களே, செனெகாவின் சொற்களைப்போல இவை பரவவில்லை என்பதால் அப்படியே தந்தேன். அதாவது சொல்லுக்குச் சொல் தருவது விதிவிலக்கு. விதிவிலக்கு என்பதால்தான் அதற்குக் காரணம் சொல்கிறார். இப்படி ஒரு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லாம் என்ன நடக்கிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியரான லிவியும் அப்படித்தான். கி.மு. 167-இல் ரோட்ஸ் தீவினர் மேல் போர் தொடுக்கக் கூடாதென்று மூத்த கேட்டோ செனட்டில் பேசினார். அந்தச் சொல்வல்லவரின் பேச்சுக்கு ஒரு நிழலை நான் இங்கே நுழைக்கமாட்டேன், அவர் உரை அவருடைய நூலின் ஐந்தாம் புத்தகத்தில் இருக்கிறது என்று லிவி தாண்டிப் போகிறார். அதே லிவி, கி.மு. 195-இல் பெண்களின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்திய சட்டம் பற்றிய விவாதத்தில் கேட்டோவுக்கு நீண்ட பேச்சு ஒன்று தருகிறார். அது பெரும்பாலும் லிவியின் கைவண்ணம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சல்லுஸ்ட் என்ற வரலாற்றாசிரியரும், ரோமில் ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலினா செய்த சதியைப் பற்றி எழுதும்போது, சிசரோ அற்புதமாக ஓர் உரை ஆற்றினார், பிறகு அதை எழுதி வெளியிட்டார் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார். உலகப் புகழ்பெற்ற உரை அது. சல்லுஸ்டின் நூலில் அதிலிருந்து ஒரு சொல்கூட இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஓட்டைகளும் உண்டு என்று சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும். கி.மு. 63 டிசம்பர் 5 அன்று, சதிகாரர்களை என்ன செய்வது என்று செனட்டில் சீசரும் இளைய கேட்டோவும் மோதினார்கள். சிசரோ சுருக்கெழுத்தாளர்களை மண்டபத்தில் ஆங்காங்கே உட்காரவைத்ததால் கேட்டோவின் அந்த ஓர் உரை மட்டும் தப்பியது என்கிறார் புளூட்டார்க். அப்படியானால் உரை இருந்திருக்கிறது. ஆனாலும் சல்லுஸ்ட் தன் நூலில் சீசருக்கும் கேட்டோவுக்கும் ஆளுக்கொரு பேச்சு எழுதித் தருகிறார், இரண்டும் அச்சு அசல் சல்லுஸ்டின் நடையில். அதே சதியில் லென்டுலஸ் என்பவன் கேட்டிலினாவுக்கு எழுதிய சிறு கடிதம் ஒன்று பிடிபட்டது. மொத்தமே நாலைந்து வரி. அதைச் சிசரோவும் மேற்கோள் காட்டுகிறார், சல்லுஸ்டும் 'நகல் கீழே' என்று சொல்லித் தருகிறார். கருத்து ஒன்றே, சொற்கள் வேறு. நாலு வரிக் கடிதத்தையே தன் நடைக்குத் திருத்தாமல் இருக்க முடியாதவர்கள், நாலு மணிநேரப் பேச்சை என்ன செய்திருப்பார்கள்!

ஏன் இப்படி? ஒரு காரணம் கல்வி. கிரேக்க, ரோமானியப் பையன்கள் படித்ததில் பெரும்பகுதி பேச்சுக்கலை. இன்ன சூழ்நிலையில் இன்னார் என்ன பேசியிருப்பார் என்று எழுதுவது வகுப்பறைப் பயிற்சி. இன்னொரு காரணம், வரலாறு உரக்கப் படித்துக் கேட்கப்படும் இலக்கியமாக இருந்தது. நூல் முழுக்க ஒரே நடை ஓட வேண்டும். நடுவில் வேறொருவரின் எழுத்தை ஒட்டவைத்தால் அது அழகுக் குறை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது காரணம். இன்று நாம் 'இந்தப் போருக்கான காரணங்கள்' என்று தனி அத்தியாயம் எழுதுவோம். அவர்கள் அந்த அலசலைப் பேச்சாளர்களின் வாயில் வைத்தார்கள். ஒரு முடிவுக்கு ஆதரவாக ஒருவர், எதிராக ஒருவர், இரண்டும் எழுதப்பட்டால் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது வாசகருக்கு விளங்கிவிடும். ஸ்பார்ட்டாக்காரர்கள் சொற்சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள். துசிடிடீஸில் அவர்களும் ஏதென்ஸ்காரர்களைப் போலவே முறுக்கிய வாக்கியங்களில் வாதாடுகிறார்கள். வாதாடுவது துசிடிடீஸ்தான்.

சரி, கருத்தையாவது காப்பாற்றினார்களா? இதைச் சோதிக்க வேண்டுமென்றால் மூல உரையும் வரலாற்றாசிரியர் தந்த உரையும் இரண்டும் நம் கையில் இருக்க வேண்டும். அப்படி அமைவது மிக அபூர்வம். ஆனால் ஓரிடத்தில் அமைந்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். 1528-இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு குன்றுச் சரிவில் பெரிய வெண்கலப் பலகை கிடைத்தது. கி.பி. 48-இல் பேரரசர் கிளாடியஸ் செனட்டில் ஆற்றிய உரை அதில் பொறித்திருந்தது. கால் (Gaul, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) நாட்டுப் பிரமுகர்களை ரோமானிய செனட்டில் சேர்க்கலாம் என்று வாதாடும் உரை. அவர்களுக்குச் சாதகமான பேச்சு என்பதால் உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு பொறித்து வைத்துக்கொண்டார்கள். பலகையின் மேல்பகுதி போய்விட்டது. மிச்சம் இரண்டு பத்திகளாக இன்றும் லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே உரை டாசிட்டஸின் 'அன்னல்ஸ்' (Annals) நூலில் பதினோராம் புத்தகம் 24-ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

பலகையில் இருக்கும் கிளாடியஸ் ஒரு புலமைப் பித்தர். ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழைய இனத்தவரான எட்ருஸ்கர்களைப் பற்றி இருபது புத்தகம் எழுதிய மனிதர், இளமையில் லிவியே ஊக்கம் கொடுத்த மாணவர். புதுமை என்று மிரளாதீர்கள், இந்த நாட்டில் எத்தனை விஷயங்கள் புதிதாக வந்தன என்று நினைத்துப் பாருங்கள் என்று தொடங்குகிறார். அப்புறம் மன்னர்கள் காலத்துக்குப் போகிறார். நூமா சபைன் நாட்டிலிருந்து வந்தவர், டார்குவின் வெளியூர்க்காரர் என்று அடுக்கி, செர்வியஸ் டுல்லியஸுக்கு வந்ததும் ரோமானியர் ஒன்று சொல்கிறார்கள், எட்ருஸ்கர் வேறொன்று சொல்கிறார்கள், அவருடைய பழைய பெயர் மஸ்டார்னா என்று கிளைக்கதையில் இறங்கிவிடுகிறார். வியென் ஊரைச் சேர்ந்த ஓர் எதிரியைப் பெயர் சொல்லாமலே கொள்ளைக்காரன் என்றும் மற்போர்க் கூடத்துப் பிராணி என்றும் வைகிறார். நடுவில் ஒரு வரி வருகிறது: டைபீரியஸ் சீசர் ஜெர்மானிக்கஸே, உன் பேச்சு எங்கே போகிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது கிளாடியஸின் சொந்தப் பெயர்தான். தன்னைத் தானே அதட்டிக்கொள்கிறாரா, சபையில் யாரோ குறுக்கிட்டதும் சேர்ந்து பதிவாகிவிட்டதா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. எனக்கென்னவோ அவர் தன்னைத் தானே அதட்டிக்கொள்வதாகத்தான் படுகிறது. பேரரசரை அந்தத் தொனியில் குறுக்கிட யாருக்குத் துணிவு வரும்?

டாசிட்டஸின் கிளாடியஸ் வேறு ஆள். கிளைக்கதை இல்லை, வசவு இல்லை, மஸ்டார்னா இல்லை. தன் மூதாதை கிளாசஸ் சபைன் இனத்தவர் என்று தொடங்குகிறார். தோற்றவர்களை அந்நியராகவே ஒதுக்கியதுதான் ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அழிந்த காரணம் என்கிறார். கச்சிதமாக, இறுக்கமாக வாதம் நகர்கிறது. ஆனால் அடிப்படை வாதம் அதேதான்: ரோம் தொடக்கத்திலிருந்தே வெளியாரைச் சேர்த்துத்தான் வளர்ந்தது, கால் நாட்டினர் போரிட்டது உண்மை, ஆனால் அதன் பிறகு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். முன்னால் வந்த புதுமை பற்றிய கருத்தை டாசிட்டஸ் தூக்கிக்கொண்டு போய் முடிவில் வைத்து மெருகேற்றியிருக்கிறார். இன்று மிகப் பழமையென்று நம்பப்படுபவை எல்லாம் ஒருநாள் புதியவை. இதுவும் பழமையாகும், இன்று முன்னுதாரணங்களைக் காட்டி நாம் காப்பாற்றுவது நாளை தானே முன்னுதாரணமாகும். பலகையில் எங்கும் இத்தனை நல்ல வாக்கியம் இல்லை.

ஒரே ஒரு இடத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலகையில் கிளாடியஸ், கால் நாட்டினர் ஜூலியஸ் சீசரைப் பத்து ஆண்டுகள் போரில் அலைக்கழித்தார்கள் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு எதிராக நூறு ஆண்டு விசுவாசத்தை வைக்கிறார். டாசிட்டஸில் அது, எல்லாப் போர்களையும் எண்ணிப் பார்த்தால் கால் நாட்டுப் போரைப்போலக் குறுகிய காலத்தில் முடிந்தது வேறில்லை என்று மாறிவிடுகிறது. பத்து ஆண்டு என்ற எண்ணே காணாமல் போய், சங்கடமான ஒப்புதல் பெருமையாகிவிட்டது. வாதத்தின் இடமும் நோக்கமும் அப்படியே. உள்ளே இருந்த சான்று வேறு. 'மொத்தக் கருத்தை ஒட்டி' என்று துசிடிடீஸ் சொன்னது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. டாசிட்டஸ் செனட்டின் பதிவேடுகளைப் பார்த்தவர். வேறோரிடத்தில் அவரே அதைக் குறிப்பிடுகிறார். அதை வைத்து, இந்த உரையின் மூலத்தையும் பார்த்துவிட்டுத்தான் மாற்றினார் என்று ரொனால்ட் சைம் போன்ற நவீன ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. நிரூபிக்கப்பட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

லியோன் பலகை நல்ல பக்கத்து உதாரணம். மறுபக்கமும் உண்டு. கி.மு. 31-இல் யூதேயாவில் நிலநடுக்கம்; துவண்டுபோன படைக்கு ஏரோது மன்னர் பேசித் தைரியம் ஊட்டுகிறார். இதை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் தன் இரண்டு நூல்களிலும் எழுதியிருக்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே சந்தர்ப்பம், ஆனால் இரண்டு வெவ்வேறு பேச்சுகள். கால் நாட்டு வெசோன்டியோவில் கலகம் செய்ய இருந்த படையிடம் சீசர் பேசியதைச் சீசரே அளவாக எழுதி வைத்திருக்கிறார். இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழிந்து வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ அதே இடத்தில் தானாக ஒரு நீண்ட சொற்பொழிவை வைக்கிறார். பிரிட்டனில் கல்ககஸ் என்ற தலைவன் ரோமானியரைப் பார்த்து, பாலையாக்கிவிட்டு அதற்கு அமைதி என்று பேர் வைக்கிறார்கள் என்று முழங்குவது டாசிட்டஸில் வருகிறது. அந்த மனிதனைப் பற்றி வேறெந்த நூலிலும் ஒரு சொல் இல்லை. அவன் மொழியில் அவன் பேசியதை அந்த இரைச்சலில் எந்த ரோமானியன் கேட்டிருப்பான்? இங்கே கருத்தைக் காப்பாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பேரரசைப் பற்றி ஒரு ரோமானியரே இவ்வளவு கடுமையாக யோசித்தார் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் வரலாற்றுச் செய்தி.

துசிடிடீஸின் மெலோஸ் உரையாடலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்பதுதான் பெரிய தகராறு. கி.மு. 416-இல் ஏதென்ஸ் அந்தச் சிறு தீவைப் பணியச் சொல்கிறது. பேச்சு மக்கள் முன் நடக்கவில்லை, அதிகாரிகளும் ஒரு சிலரும் இருந்த அறையில் நடந்தது. துசிடிடீஸ் அப்போது நாடுகடத்தப்பட்டு இருந்தார். ஆம்ஃபிபோலிஸ் நகரைப் படைத்தலைவராகக் காக்கத் தவறியதற்காக இருபதாண்டு தண்டனை. பின்னால் தீவு சரணடைந்ததும் பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக விற்றார்கள். அதற்குப் பிறகு யாரிடம் கேட்டிருப்பார்? இந்த ஐயத்தை நாம் புதிதாகக் கிளப்பவில்லை. அகஸ்டஸ் காலத்தில் வாழ்ந்த ஹாலிகார்னாசஸ் டயோனீசியஸே, இவர் அங்கே இல்லையே, ஏதென்ஸின் தூதர்கள் கடற்கொள்ளையரைப்போலப் பேசுவது பொருத்தமா என்று குறை சொல்லியிருக்கிறார். வலியவர் முடிந்ததைச் செய்வர், எளியவர் இணங்கிப் போவர் என்ற வாதத்தை வைத்துவிட்டு, அடுத்ததாகச் சிசிலிப் படையெடுப்பைத் தொடங்குகிறார் துசிடிடீஸ். அந்தப் படையெடுப்பு ஏதென்ஸுக்குப் பேரழிவாக முடிந்தது. இந்த வரிசை தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். ஆனால் தீவினரோடு பேச்சுவார்த்தை ஒன்று நடந்தது என்பதைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

அவர்களுக்கு உண்மை பொய் பற்றிய கவலையே இல்லை என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். அவர்களுக்குள்ளேயே இதற்கு அடிதடி. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தன் பன்னிரண்டாம் புத்தகத்தில் பெரும்பகுதியை, தனக்கு முன் வரலாறு எழுதிய டிமேயஸைக் கிழிப்பதற்கே செலவிட்டிருக்கிறார். பேசப்பட்ட சொற்களையும் தரவில்லை, அவற்றின் சாரத்தையும் தரவில்லை, பள்ளிக்கூடப் பையன் பயிற்சி எழுதுவதுபோலப் பேச்சு எழுதிவைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது ஆண்டு ஏதென்ஸில் உட்கார்ந்து புத்தகம் படித்தே வரலாறு எழுதிவிட்டார் என்பது இன்னொன்று. ஃபைலார்கஸ் என்ற இன்னொரு வரலாற்றாசிரியரையோ, தலைவிரிகோலமாக அழும் பெண்களைக் காட்டி வரலாற்றை அவல நாடகமாக்கியதாகச் சாடுகிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நையாண்டி எழுத்தாளர் லூசியன், பார்த்தியப் போரைப் பற்றி அவசரமாக எழுதிக் குவித்தவர்களைக் கிண்டலடிக்கிறார். ஒருவர் பெரிக்ளீஸ்போல ஓர் இரங்கலுரை வேண்டுமே என்று ஒரு படைத்தலைவரின் சமாதிமேல் ஒரு நூற்றுவர் தலைவனை ஏற்றிப் பேசவைத்து, அழவைத்து, கடைசியில் அங்கேயே தற்கொலையும் செய்யவைத்தாராம். இவ்வளவு கிண்டலுக்குப் பிறகு லூசியன் தரும் விதி என்ன? பேச்சு ஆளுக்கும் விஷயத்துக்கும் பொருந்த வேண்டும். அது முடிந்தால் உன் சொல்வன்மையைக் காட்டிக்கொள்ளலாம். எழுதாதே என்று அவரும் சொல்லவில்லை.

சிசரோ இன்னும் வேடிக்கை. பொய் சொல்லத் துணியாதே, உண்மையைச் சொல்லத் தயங்காதே என்பதே வரலாற்றின் முதல் விதி என்று ஒரு நூலில் அழகாக எழுதினார். லுக்கேயஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்திலோ, என் ஆட்சிக்காலத்தைப் பற்றி எழுதும்போது வரலாற்றின் விதிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தாராளமாகவே புகழுங்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கிறார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பேச்சுக்கு ஒரு கணக்கு, செயலுக்கு வேறு கணக்கு என்று துசிடிடீஸ் சொன்னதைச் சரிபார்க்க முடியுமா? ஓரிடத்தில் முடியும். கி.மு. 420-இல் ஏதென்ஸ், ஆர்கோஸ், மான்டினியா, எலிஸ் ஆகியவை செய்துகொண்ட உடன்படிக்கையை ஐந்தாம் புத்தகத்தில் அவர் முழுசாகத் தருகிறார். அதே உடன்படிக்கை பொறித்த கல்லின் துண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் கிடைத்தது. ஒப்பிட்டால் சிறுசிறு வேறுபாடுகள் இருக்கின்றன, பொருள் மாறவில்லை. பேச்சில் கிளாடியஸ் அடையாளம் மாறிப்போன அளவை நினைத்துப் பாருங்கள். இங்கே கிட்டத்தட்டக் கல்லில் உள்ளபடியே. ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் 20,000 காலாட்களோடும் 6,000 குதிரைப்படையோடும் இறங்கினார் என்று பாலிபியஸ் சொல்வதற்கும் ஆதாரம் ஒரு பொறிப்பு: ஹன்னிபாலே தென் இத்தாலியின் லாக்கினியம் முனையில் வைத்துவிட்டுப் போன வெண்கலப் பலகையைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார்.

எல்லா எண்களும் இப்படியல்ல. கிரேக்கத்தின்மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்செஸ் டோரிஸ்கஸ் என்ற இடத்தில் தன் படையை எண்ணிய கதையை, துசிடிடீஸுக்கு முந்தைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். 10,000 பேரை நெருக்கி நிறுத்தி, சுற்றி வட்டம் போட்டு, தொப்புள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதற்குள் படையை மாற்றி மாற்றி நிரப்பி எண்ணினார்களாம். காலாட்படை மட்டும் 17 லட்சம். கப்பல்காரர், பணியாள் எல்லாம் சேர்த்து 52,83,220 வரை கூட்டிவிடுகிறார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஓரிரண்டு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். எண் துல்லியமாக இருக்கிறது என்பது அது சரியென்பதற்குச் சாட்சியாகாது. சொல்லப்படுவதைச் சொல்வது என் கடமை, எல்லாவற்றையும் நம்புவது என் கடமையல்ல என்று ஹெரோடோட்டஸே வேறோரிடத்தில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார், கெட்டிக்காரர்.

நவீன ஆய்வில் இரண்டு முகாம்கள் உண்டு. பண்டைய வரலாறு அடிப்படையில் பேச்சுக்கலையின் ஒரு கிளை, செயல்களை விவரிக்கும் பகுதியிலும் புனைவு தாராளம், அவர்கள் 'உண்மை' என்று சொன்னது பெரும்பாலும் பாரபட்சமின்மையைத்தான் என்று 1988-இல் உட்மன் என்ற ஆய்வாளர் வலுவாக வாதிட்டார். அது எல்லை மீறிய வாதம் என்பவர்களும் ஏராளம். நான் இரண்டாவது பக்கம் சாய்பவன், காரணம் மேலே சொன்ன கல்லும் வெண்கலமும். ஆனால் கல்லும் வெண்கலமும் கிடைத்த இடங்கள் சொற்பம். லிவியின் முதல் பத்துப் புத்தகங்களில் வரும் போர் வர்ணனைகளுக்கு இந்த நம்பிக்கையை நீட்டமாட்டேன்; அவரே தன் முன்னுரையில், நகரம் உருவாவதற்கு முந்தைய கதைகள் கவிஞர்களுக்கு ஏற்றவை, அவற்றை உறுதிப்படுத்தவும் மறுக்கவும் போவதில்லை என்று கைகழுவிவிட்டார்.

ஆகவே படிக்கும்போது 'இது உண்மையா' என்று ஒரே கேள்வியை எல்லாப் பக்கத்திலும் கேட்காதீர்கள். ஒரு பேச்சு வந்தால், ஆசிரியர் அங்கே இருந்திருக்க முடியுமா, கேட்டவர் யாராவது உயிரோடு இருந்தார்களா, எழுத்துப்பிரதி இருந்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு, இந்தப் பேச்சு ஏன் இந்த இடத்தில் வருகிறது, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தேர்வில் 'பெரிக்ளீஸ் கூறினார்' என்று எழுதுவதைவிட 'துசிடிடீஸ் தரும் பெரிக்ளீஸ் உரையில்' என்று எழுதுங்கள். திருத்துபவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அந்த ஒரு சொற்றொடருக்கே மதிப்பெண் விழும். துசிடிடீஸை அறிவியல்முறை வரலாற்றின் 'தந்தை' என்பார்களே, அந்தப் பட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் தங்கள் முகத்தைத் துசிடிடீஸில் பார்த்துச் சூட்டியதுபோல எனக்குப் படும், விட்டுவிடலாம்.

மொழி தெரியாமல் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். நடையைப் பற்றிய வாதங்களில் முடியாது. உள்ளடக்கம், ஆதாரம், வரிசை பற்றிய வாதங்களில் நல்ல மொழிபெயர்ப்பு போதும். லியோன் பலகையின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை டாசிட்டஸின் 11-ஆம் புத்தகம் 24-ஆம் அத்தியாயத்தோடு பக்கத்தில் வைத்து, எது இருக்கிறது, எது போயிற்று, எது இடம் மாறியது என்று மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். 23-ஆம் அத்தியாயத்தையும் விட்டுவிடாதீர்கள். கால் நாட்டினரைச் சேர்க்கக் கூடாது என்றவர்களின் வாதங்களை டாசிட்டஸ் அங்கே எழுதியிருக்கிறார், அவற்றுக்குப் பலகையில் நேர் இணை எதுவும் இல்லை. அவற்றை எழுதியதற்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசித்துவிட்டுத் திரும்ப இரங்கலுரைக்குப் போங்கள்.